வேட்பாளர் வீட்டு ஆளுங்க ஓட்டு கேக்க வரலாமா? எங்க வீட்டுல இதான் இப்ப சண்ட

ஆத்தங்கரை மக:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டுந்தான் இருந்தேன், எழுதுனதில்ல. 2021 அக்டோபர்ல நம்ம நெல்லை மாவட்டத்துல ஊராட்சித் தேர்தல் நடந்துச்சுல்லா, எங்க ஊரு தலைவர் பதவி பொம்பளையளுக்குன்னு வந்துட்டு. அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷமா அப்பாதான் நிக்கப்போறேன்னு கோயில் கொடைக்கு பந்தல், சாவு வீட்டுக்கு சேர்னு செலவு பண்ணிட்டு கெடந்தாவ. விஷயம் தெரிஞ்ச அன்னைக்கு ராத்திரி சாப்பிட்டுட்டு கை கழுவும்போது அம்மாட்ட "நாளைக்கு ஸ்டூடியோவுக்கு போயி ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துரு"ன்னாவ. தான்தான் வேட்பாளர்னு அம்மாவுக்கு தெரிஞ்சதே அப்படித்தான்.

போஸ்டர்ல அப்பா படம் பெருசா கும்பிட்ட மாதிரி, அம்மா படம் மூலைல ரேசன் கார்டு சைசுக்கு. நான் அப்ப காலேஜ் ரெண்டாம் வருஷம். "மகளும் கூட வந்தாதான் பொம்பளைய ஓட்டு விழும்"னு சித்தப்பா சொல்லிட்டாவ, அதனால பத்து நாளு நானும் எங்க பூட்டுச்சாவி சின்னம் போட்ட நோட்டீஸ் கட்ட தூக்கிட்டு தெருத்தெருவா அலைஞ்சேன். தெரியாத வீட்டு ஆச்சி கால்ல எல்லாம் விழுந்தேன். ஒரு ஆச்சி என் கைய புடிச்சுக்கிட்டு ஒனக்கு எப்போ கல்யாணம்னு கேட்டா, ஓட்ட பத்தி ஒரு வார்த்தை பேசல.

ஓட்டுக்கு நாலு நாள் இருக்கும்போது வாட்ஸ்அப்ல என் போட்டோ சுத்துச்சு. காலேஜ் டூர்ல கிளாஸ் பிள்ளைய ஏழெட்டு பேரு சேந்து நின்னு எடுத்தது, அதுல என்னையும் ஒரு பையனையும் மட்டும் வெட்டி எடுத்து "மகள அடக்க தெரியாதவ ஊர நிர்வாகம் பண்ணுவாளா"ன்னு எழுதியிருந்தானுவ. 17 ஓட்டுல தோத்தோம். அந்த போட்டோவாலதான் தோத்தோம்னு சித்தப்பா இன்னும் சொல்லிக்காட்டுதாவ.

இப்ப அடுத்த தேர்தல் பேச்சு ஆரம்பிச்சாச்சு. அப்பா மறுபடியும் போட்டோ எடுக்க சொல்லுதாவ. நான் வேலைக்கு போறேன், வர முடியாதுன்னு சொல்லிட்டேன். மூணு நாளா வீட்டுல யாரும் யார்கூடயும் பேசல. நீங்க சொல்லுங்க, அரசியலுக்கு வாரவிய குடும்பத்தையும் கூட இழுத்துட்டு வரணுமா?

பேட்டை வாசி:

தேவையே இல்ல தாயி. நிக்கது ஒரு ஆளு, ஓட்டு கேக்கதும் அந்த ஒரு ஆளாத்தான் இருக்கணும். காமராஜர் முதலமைச்சரா இருந்தப்ப அவரு அம்மா விருதுநகர்லயேதான் இருந்தாவ. இன்னைக்கு வார்டு மெம்பரு பொண்டாட்டிக்கே ரெண்டு பேரு குடை புடிக்கான்.

வடக்கு ரதவீதி:

வந்துட்டாருய்யா காமராஜர தூக்கிட்டு. 1967ல அதே விருதுநகர்ல அவர தோக்கடிச்சமே அப்ப எங்க வே போயிருந்தீரு? 69ல நாகர்கோவில்காரன் ஜெயிக்க வச்சான், நாம வைக்கல.

பேட்டை வாசி:

நான் அப்ப பொறக்கவே இல்ல வே.

நாங்குநேரிக்காரன்:

கட்சில பதினஞ்சு வருஷமா பூத் வேலை பாக்குறவன்ங்கிற முறைல சொல்லுதேன், குடும்பம் வராம தேர்தல் வேலை ஓடாது. ஒரு சட்டமன்ற தொகுதில முன்னூறு பூத்துக்கு பக்கத்துல இருக்கு. வேட்பாளரு வேன்ல நின்னு கும்பிட்டுட்டு போயிருவாரு, வீட்டுக்குள்ள அடுப்படி வரைக்கும் யாரு போறது? நாங்க ஆம்பளைய நாலு பேரு போனா வாசப்படியிலயே "அவிய இல்ல, வயலுக்கு போயிருக்காவ"ன்னு கதவு சாத்திருவாவ. அதுவே வேட்பாளரு சம்சாரம் போனா தண்ணி குடுத்து உக்கார வச்சு எந்த ஊரு, பொறந்த வீடு எதுன்னு பேசி கடைசில ஒரு சொந்தம் கண்டுபிடிச்சிருவாவ. "அப்ப நீ எனக்கு மைனி முறைல்லா"ன்னு ஒரு வார்த்தை வந்துட்டுன்னா அந்த வீட்டு அஞ்சு ஓட்டும் நமக்குத்தான்னு எழுதிக்கிடலாம்.

எங்க தொகுதியவே எடுத்துக்கிடுங்க. வசந்தகுமார் 2006லயும் 2016லயும் இங்க ஜெயிச்சாரு, 2019ல கன்னியாகுமரி எம்.பி ஆனதும் எங்களுக்கு இடைத்தேர்தல் வந்துச்சு, 2020ல அவரு கொரோனாவுல தவறுனதும் அங்க இடைத்தேர்தல்ல மகன் விஜய் வசந்த் நின்னு ஜெயிச்சாரு. அப்பா முகத்த மகன் மூஞ்சில பாத்துதான ஜனங்க போட்டாவ? அதுல என்ன தப்புங்கேன்.

வடக்கு ரதவீதி:

ஓட்டு கேக்க வாரது வேற, வாரிசா வந்து நிக்கது வேற. நீரு ரெண்டையும் ஒரே சட்டில போட்டு கிண்டுதீரு.

ஆனா ஒண்ணு, குடும்பத்த காட்டுனா ஓட்டு விழும்ங்கிறதே பாதி பொய். 1989ல ஜானகி அம்மா எம்ஜிஆர் சம்சாரம், 24 நாள் முதல்வராவும் இருந்தாவ, இரட்டைப் புறா சின்னத்துல நின்னு ஆண்டிபட்டில தோத்தாவ. அந்த அணிக்கு மொத்தமே ரெண்டு சீட்டு, அதுல ஒண்ணு நம்ம சேரன்மகாதேவி, பி.எச்.பாண்டியன். 2024ல விருதுநகர்ல ராதிகாவுக்காக சரத்குமார் எத்தன தெரு சுத்துனாரு, நம்ம தென்காசில 2011ல ஜெயிச்ச மனுசன், கோயில்ல அங்கப்பிரதட்சணமே பண்ணுனாரு, அந்தம்மா மூணாவது எடம். அதே தொகுதில விஜயகாந்த் மகன் நின்னாரு, விஜயகாந்த் தவறி மூணு நாலு மாசந்தான் ஆயிருந்துச்சு, பிரேமலதா ஊர் ஊரா அழுதாவ, 4,379 ஓட்டுல போச்சு.

2021 ஆலங்குளம் இன்னும் வேடிக்கை. இந்த பக்கம் ஆலடி அருணா மக பூங்கோதை, அந்த பக்கம் பி.எச்.பாண்டியன் மகன் மனோஜ் பாண்டியன். ரெண்டு பக்கமும் அப்பா பேருதான். அப்ப எந்த அப்பாவுக்கு ஓட்டு போடணும் நாங்க? கடைசில மனோஜ் ஜெயிச்சாரு.

நாங்குநேரிக்காரன்:

4,379ல தோத்ததும் ஒரு கணக்குதான வே? அம்மா வராம இருந்திருந்தா நாப்பதாயிரத்துல தோத்திருப்பாரு. நீரே எனக்கு பாயின்ட் எடுத்து குடுக்கீரு.

ஷார்ஜா மாப்ள:

இங்க ரூம்ல நாங்க ஆறு பேரு, அஞ்சு பேரு நெல்லை தென்காசி, ஒருத்தன் மட்டும் கோயம்புத்தூர். நேத்து ராத்திரி இந்த இழைய வாசிச்சு பயங்கர சண்ட, பிரியாணி ஆறிப்போச்சு.

நான் சொல்ல வாரது இதான். தங்கச்சி, போட்டோ விஷயம் நீ ஓட்டு கேக்க வெளிய வந்ததால வந்த வினைன்னு நெனைக்காத. 2021 சட்டமன்றத் தேர்தல்ல எடப்பாடி அவரு அம்மாவ எந்த மேடைலயும் ஏத்தல. அந்தம்மா அதுக்கு முந்தின வருஷமே தவறியாச்சு. ஆனாலும் ஆ.ராசா பேசுன பேச்சுல அந்தம்மாவ இழுத்தாச்சு, இவரு திருவொற்றியூர்ல பேசும்போது கண்ணு கலங்கிட்டாரு, தேர்தல் ஆணையம் ராசாவுக்கு 48 மணி நேரம் பிரச்சாரத் தடை போட்டுச்சு. செத்துப்போன தாயே தப்பிக்கல. நீ வீட்டுக்குள்ள கதவ பூட்டிட்டு இருந்திருந்தாலும் அந்த நாய்ங்க ஏதாவது ஒரு போட்டோவ தேடி எடுத்திருக்கும்.

கல்லிடை அண்ணாச்சி:

ரிட்டயர்டு ஆயிட்டேன், இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல தேர்தல் வேலை பாத்தவன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுதேன், பொறுத்துக்கிடுங்க.

குடும்பம் வரணுமா வேண்டாமான்னு நாம பேசிக்கிட்டு இருக்கோம், சட்டப்படி பாத்தா குடும்பம் ஏற்கனவே உள்ளதான் இருக்கு. எம்.எல்.ஏ, எம்.பிக்கு நிக்கிறவரு படிவம் 26ன்னு ஒரு பிரமாணப் பத்திரம் குடுக்கணும், அதுல மனைவி இல்லன்னா கணவர், அவர சார்ந்து இருக்கிற பிள்ளைய, எல்லாரு சொத்தும் கடனும் வரணும். சம்சாரம் கழுத்துல எத்தன பவுன் கெடக்குங்கிறது வரைக்கும் ஊருக்கே தெரியும். 2002, 2003ல உச்சநீதிமன்றம் சொன்ன தீர்ப்புக்கு அப்புறம் வந்தது இது. கணக்குல இருக்கிற ஆளு வீதில வரக்கூடாதுன்னு எப்படி சொல்ல முடியும்?

ஆனா எல்லா குடும்பமும் வந்துர முடியாது. சம்சாரம் அரசுப் பள்ளி டீச்சர்னா நோட்டீஸ் குடுக்க கூட கூடாது, அரசு ஊழியர் நடத்தை விதில மாட்டும். பூத் ஏஜென்டா உக்காந்தாவன்னா மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 134ஏ, மூணு மாசம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா அபராதம், ரெண்டும் சேந்தும் கெடைக்கும். எனக்கு தெரிஞ்ச ஒரு வேட்பாளரு சம்சாரம் டீச்சர், வீட்டு வாசல்ல நின்னு கோலம் மட்டும் போட்டாவ, அதுல சின்னம் வந்திருச்சுன்னு எதிர்க்கட்சிக்காரன் கம்ப்ளெயின்ட் எழுதிட்டான். நான் போயி பாத்தா அது சாதாரண பூக்கோலம் (அவனுக்கு கண்ணுல கோளாறு).

சின்ன பிள்ளையள இறக்கக்கூடாதுன்னு 2024 பிப்ரவரில ஆணையம் கறாரா சொல்லிட்டு. தாய் தகப்பன் கூட கூட்டத்துல நிக்கது பரவாயில்ல, கொடி புடிக்க, கோஷம் போட, தூக்கி வச்சு ஓட்டு கேக்க கூடாது.

இப்ப இந்த பிள்ளை விஷயத்துக்கு வாரேன். அதே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்துல 123(4)ன்னு ஒரு பிரிவு இருக்கு, ஒருத்தரோட நடத்தைய பத்தி பொய்னு தெரிஞ்சே பரப்புனா அது முறைகேடு, ஜெயிச்சவன் பதவியே போகும். ஆனா நல்லா வாசிச்சு பாருங்க, "வேட்பாளர்" நடத்தைன்னுதான் இருக்கு. வேட்பாளரோட மக நடத்தைன்னு இல்ல. கட்சியளுக்கான தேர்தல் நடத்தை விதித் தொகுப்புல பொதுவாழ்க்கையோட சம்பந்தமில்லாத சொந்த விஷயத்த விமர்சிக்காதேன்னு இருக்கு, அதுவும் தலைவர்கள், தொண்டர்கள்ங்கிற அளவுலதான். கும்பிடப் போன மகள பத்தி எங்கயும் எழுதல. ஊராட்சித் தேர்தல் வேற மாநிலத் தேர்தல் ஆணையம், 1994 ஊராட்சிகள் சட்டம், அது தனி. போட்டோவுக்கு நீ போலீஸ்லதான் குடுத்திருக்கணும் தாயி, குடுத்தியா?

ஆத்தங்கரை மக:

குடுக்கல அண்ணாச்சி. ஸ்டேஷனுக்கு போனா இன்னும் நாலு பேருக்கு தெரியும்னு அப்பா விடல.

பேட்டை வாசி:

பாத்தீரா. ஓட்டு கேக்கும்போது மக வேணும், மகளுக்கு ஒண்ணுன்னா மானம் வந்துருது.

தென்காசி டைகர்:

[இந்தக் கருத்து நீக்கப்பட்டது]

நடத்துனர்:

எழுதுனவங்க வீட்டு பொம்பளைய பத்தி தப்பா பேசுனா கணக்கே போயிரும். பேசிக்கிட்டு இருக்கிற விஷயமே அதான், அதுலயும் வந்து அதையே பண்ணுதிய. ஒரு வாரம் ரெஸ்ட் எடுங்க டைகர்.

முக்கூடல் அக்கா:

தம்பிமாரு எல்லாம் சட்டம் பேசிட்டிய, நான் ஒரு கதை சொல்லுதேன்.

நான் பீடி சுத்துறவ. சொளவ மடில வச்சா எந்திரிக்க முடியாது, ஒரு நாளைக்கு ஆயிரம் சுத்துனாதான் அன்னைக்கு பொழப்பு. அதனால எவன் ஓட்டு கேட்டு வந்தாலும் தலைய நிமிராமலே சரி சரின்னு சொல்லிருவோம். போன உள்ளாட்சித் தேர்தல்ல கவுன்சிலருக்கு நின்னவரு சம்சாரம் எங்க திண்ணைக்கு வந்துச்சு, பின்னாடியே பத்து பேரு, போன வச்சுக்கிட்டு போட்டோ எடுக்க ஒரு பையன். எனக்கும் பீடி சுத்த தெரியும்க்கா, எங்கம்மா சுத்துவாவன்னு சொல்லிக்கிட்டே என் பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்துட்டு. எனக்கும் சந்தோசம்தான். கத்திரியும் தகரமும் எடுத்து கைல குடுத்தேன். இலைய நனைச்சு வச்சிருந்தேன், அத நரம்பு பாத்து வெட்டணும், அந்தம்மா குறுக்க வச்சு வெட்டிட்டு. ரெண்டு இலை போச்சு. அப்புறம் நான் வெட்டி வச்சிருந்ததுல தூள வச்சு சுத்துனாவ, நூல் கட்டும்போது விட்டுட்டாவ, தூளெல்லாம் பட்டுச்சேலை மேல. பையன் அதுக்குள்ள போட்டோ எடுத்துட்டான். அந்த போட்டோ நல்லாத்தான் வந்திருந்துச்சு, உண்மைய சொல்லணும்லா.

அவரு ஜெயிச்சாரு. அடுத்த வருஷம் கோடைல எங்க தெருவுல பதினோரு நாளு தண்ணி வரல. நாங்க நாலு பொம்பளைய காலி கொடத்தோட அவிய வீட்டுக்கு போனோம். அந்தம்மா வெளிய வந்து "அவிய வெளியூரு போயிருக்காவ, எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுக்கா"ன்னுச்சு. நான் கேட்டேன், திண்ணைல உக்காந்து ஓட்டு கேக்கும்போது தெரிஞ்சுதுல்லா, அப்ப "அவிய வந்து கேப்பாவ, எனக்கு தெரியாது"ன்னு சொன்னியா? அந்தம்மா மூஞ்சி சுருங்கிட்டு. ஆனா மறுநாள் டேங்கர் வந்துச்சு, அந்தம்மாதான் போன் போட்டிருக்காவ.

அதனால எனக்கு குடும்பம் வரட்டும். யாரெல்லாம் கும்பிட்டுட்டு போறாவளோ அவ்வளவு பேரு வீட்டு வாசல்லயும் கொடத்த வைப்பேன். மகன் வந்து கேட்டானா, மகன் வேலை பாக்குற ஆபீசுக்கு போவேன்.

வடக்கு ரதவீதி:

அக்கா நீங்க எம்.எல்.ஏக்கே நிக்கலாம்.

முக்கூடல் அக்கா:

சும்மா இரும் வே. ஆயிரம் பீடி யாரு சுத்துறது?

நாங்குநேரிக்காரன்:

அக்கா சொன்னது சத்தியம். ஆனா இதுல ஒரு ஆபத்தும் இருக்கு, அதையும் சொல்லணும், கட்சிக்காரனா இருந்தாலும். ஓட்டு கேக்க வந்த குடும்பம் அப்புறம் நாற்காலிலயும் உக்காந்துருது. பொம்பளையளுக்கு பாதி இடம்னு 2016ல தமிழ்நாட்டுல சட்டம் மாத்துனாவ, நல்லதுதான், ஆனா எத்தன ஊருல தலைவரு நம்பர்னு போன் போட்டா ஆம்பளை குரல் "சொல்லுங்க, தலைவர்தான் பேசுதேன்"ங்குது. செக்குல தலைவரும் துணைத்தலைவரும் சேந்து கையெழுத்து போடணும். ஒரு ஊருல தலைவரம்மா அடுப்புல தோசைய திருப்பி போட்டுக்கிட்டே மாவு கையோட செக் புக்குல வரிசையா கையெழுத்து போட்டத நானே பாத்தேன். தொகை எழுதல. எல்லாம் வெத்துச் செக்கு.

ஷார்ஜா மாப்ள:

அப்ப இந்த தங்கச்சி வீட்டுலயும் அதான நடக்கப்போவுது? அம்மா ஜெயிச்சா அப்பாதான் தலைவரு.

ஆத்தங்கரை மக:

இவ்வளவு பேரு எழுதுவியன்னு எதிர்பாக்கல. ராத்திரி எல்லாத்தையும் அம்மாவுக்கு வாசிச்சு காமிச்சேன். முக்கூடல் அக்கா எழுதுனத மட்டும் ரெண்டு தடவ வாசிக்க சொன்னாவ.

நான் ஒண்ண சொல்லாம விட்டுட்டேன், எனக்கே இப்பதான் உறைக்குது. தோத்ததுக்கு அப்புறம் அப்பா வெளிய தலகாட்டவே இல்ல. அம்மா மட்டும் அந்த பத்து நாள்ல போன வீடு எல்லாத்துக்கும் ஒரு நோட்டு போட்டு வச்சிருந்திருக்காவ, பழைய பால் கணக்கு நோட்டு, எந்த வீட்டுல முதியோர் பென்சன் வரல, எந்த தெருவுல லைட் எரியலன்னு. அக்டோபர் 2, ஜனவரி 26னு ஒரு கிராம சபை விடாம போயி பின்னாடி தரைல உக்காந்திருக்காவ. ஒரு தடவ குளத்துக்கு மண்ணு அள்ளுன கணக்க வாசிக்கும்போது எந்திரிச்சு எத்தன லோடுன்னு கேட்டிருக்காவ. ஜெயிச்ச தலைவரம்மா வீட்டுக்காரரு "தோத்தவ பேசக்கூடாது"ன்னு சொன்னாராம். அம்மா "நீரு நிக்கவே இல்லையே, நீரு மட்டும் பேசலாமோ"ன்னு கேட்டாவளாம். இது எதுவுமே எனக்கு தெரியாது, நான் அப்ப ஹாஸ்டல்ல.

நேத்து அம்மாட்ட நேரா கேட்டேன், நீ நிக்கணும்னு ஒனக்கு இருக்கா, இல்ல அப்பா சொன்னதுக்கா? கொஞ்ச நேரம் முருங்கைக்கீரைய உருவிக்கிட்டே இருந்தாவ. அப்புறம் "நிக்கேன். போஸ்டர்ல என் படம் மட்டும் போட சொல்லு"ன்னாவ.

பேட்டை வாசி:

ஆத்தாடி.

கல்லிடை அண்ணாச்சி:

அப்பா என்ன சொன்னாரு?

ஆத்தங்கரை மக:

"அப்ப செலவுக்கு ஆர்ட்ட போயி கேப்பா"ன்னாவ. அம்மா கழுத்துல கெடந்த செயின தொட்டு காமிச்சாவ. அதுக்கு மேல பேச்சு இல்ல. ராத்திரி பத்து மணிக்கு அப்பாவே வந்து "செயின எல்லாம் தொடாத"ன்னுட்டு போயிட்டாவ. இன்னும் முழுசா சமாதானம் ஆகல.

கல்லிடை அண்ணாச்சி:

செயின வைக்க வேண்டிய அளவுக்கு செலவு பண்ணவே கூடாது தாயி. போன தடவ தலைவர் பதவிக்கு செலவு வரம்பு 34,000தான். உங்கப்பா எவ்வளவு பண்ணுனாருன்னு நான் கேக்கல, நீயும் இங்க எழுதிராத.

ஷார்ஜா மாப்ள:

அப்ப தங்கச்சி நீ போறியா இல்லயா? இங்க ரூம்ல பெட்டு கட்டியிருக்கோம்.

ஆத்தங்கரை மக:

போவேன்னுதான் நெனைக்கேன் அண்ணே. சனி ஞாயிறு மட்டும். கால்ல எல்லாம் விழ மாட்டேன். அந்த நோட்ட தூக்கிட்டு அம்மா பின்னாடி நடக்கேன், யாரு என்ன சொன்னாவன்னு எழுத ஒரு ஆளு வேணும்லா. மறுபடி எவனாவது போட்டோ போட்டான்னா அன்னைக்கே ஸ்டேஷன், அப்பாட்ட கேக்கப்போறதில்ல. பயம் இல்லாம இல்ல. எங்க ஆபீஸ்ல ஊர்க்காரன் ரெண்டு பேரு இருக்கான்.

முக்கூடல் அக்கா:

போ தாயி. அந்த நோட்ட பத்திரமா வையி. ஜெயிச்சா அதத்தான் கொண்டாந்து கேப்பாவ.

பேட்டை வாசி:

நான் இப்பவும் குடும்பம் வரக்கூடாதுன்னுதான் சொல்லுவேன். ஆனா உங்கம்மாவுக்கு உங்கப்பாதான் குடும்பம், வேட்பாளரு அவியதான். அப்ப வீட்டுல இருக்க வேண்டியது உங்கப்பா.

வடக்கு ரதவீதி:

பேட்டைக்காரரு முத தடவையா சரியா பேசியிருக்காரு, ஸ்கிரீன்ஷாட் எடுத்தாச்சு.

ஆத்தங்கரை மக:

சிரிச்சுட்டேன் அண்ணாச்சி 😀 அம்மாட்ட காமிச்சேன், அப்பாட்ட காமிக்காதன்னாவ.

சரி இன்னொரு உதவி. நாள் கெடக்கு, ஆனாலும் கேட்டு வச்சுக்கிடுதேன். பாளைல, இல்லன்னா ஜங்ஷன் பக்கம், போஸ்டர் வெல கொறைச்சலா அடிக்கிற இடம் தெரியுமா? போன தடவ அடிச்ச இடத்துல ஆம்பளை படம் பெருசா இருந்தாதான் எடுப்பா இருக்கும்னு அவரே டிசைன மாத்திட்டாரு.

கல்லிடை அண்ணாச்சி:

தனியா மெசேஜ் அனுப்புதேன். அடிச்சு வந்ததும் கீழ அச்சகத்து பேரும் விலாசமும் இருக்கான்னு மொதல்ல பாரு, அது இல்லாததாலயே மாட்டுனவன் நெறைய பேரு.

ஷார்ஜா மாப்ள:

அம்மா படம் எவ்வளவு பெருசு?

ஆத்தங்கரை மக:

முழு போஸ்டர்.